சொராரிட்டி சேர்க்கை வாரம்: அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஒரு தேர்வும் அதற்கான ஆயத்தமும்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கலூசா நகரில் இருக்கிறது அலபாமா பல்கலைக்கழகம். ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில், வகுப்புகள் தொடங்கும் முன்பே, 2,000-க்கும் மேற்பட்ட மாணவியர் அங்கே வந்து கூடிவிடுகின்றனர். பெரும்பாலோர் அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள். வளாகத்தில் வரிசையாக நிற்கும் பெரிய வீடுகளுக்குக் குழுக்குழுவாகச் சென்று, அங்கே வசிக்கும் மூத்த மாணவியரோடு சில நிமிடங்கள் பேசி வெளியே வருகிறார்கள். ஒவ்வொரு நாளும் அவர்கள் செல்லக்கூடிய வீடுகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். வார இறுதியில் ஓர் உறையைப் பிரித்துப் பார்க்கும்போது, அடுத்த நான்கு ஆண்டுகளுக்குத் தான் எந்தச் சங்கத்தைச் சேர்ந்தவள் என்பது ஒருத்திக்குத் தெரியவருகிறது. சொராரிட்டி எனப்படும் மாணவியர் சங்கங்கள் புதிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறை இது. அதிகாரபூர்வமாக இதற்குச் ‘சேர்க்கை’ என்று பெயர், பேச்சுவழக்கில் ‘ரஷ்’.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஆடை, அலங்காரம், பாட்டு, கைதட்டல் ஆகியவையே முதலில் தெரியும். உள்ளே நடப்பது இருதரப்பும் ஒன்றையொன்று தேர்ந்துகொள்ளும் ஒரு பொருத்தம். அதற்குக் கட்டமைந்த விதிகளும் கணக்கும் உண்டு. இந்த வாரத்துக்கான ஆயத்தம் எது என்ற கேள்விக்கு விடை காண, அந்தக் கட்டமைப்பு எப்படி உருவானது, எப்படி இயங்குகிறது, யாரைச் சேர்த்து யாரை விட்டிருக்கிறது என்பவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

தோற்றம்

கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மாணவர் சங்கங்களின் வரலாறு 1776-இல் வர்ஜீனியாவில் உள்ள வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ‘ஃபை பீட்டா கப்பா’ தோன்றியதிலிருந்து தொடங்குகிறது. அதைத் தொடர்ந்து ஆண்களின் சங்கங்கள் பெருகின. பெண்கள் உயர்கல்விக்குள் நுழைந்தபோது அவற்றின் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. ஆகவே அவர்கள் தமக்கென்று சங்கங்களை அமைத்துக்கொண்டனர். ஜார்ஜியா மாநிலம் மேக்கன் நகரின் வெஸ்லியன் பெண்கள் கல்லூரியில் 1851-இல் உருவான அடெல்ஃபியன் சங்கமும், அடுத்த ஆண்டு அங்கேயே உருவான ஃபிலோமாத்தியன் சங்கமும் பின்னாளில் ‘ஆல்ஃபா டெல்டா பை’, ‘ஃபை மூ’ என்ற பெயர்களைப் பெற்றன. 1870-இல் இந்தியானா ஆஸ்பரி பல்கலைக்கழகத்தில் தோன்றிய ‘கப்பா ஆல்ஃபா தீட்டா’ தொடக்கத்திலிருந்தே கிரேக்க எழுத்துப் பெயருடன் அமைந்த பெண்கள் சங்கம். ஆண்கள் நிறைந்த வகுப்பறைகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்களே இருந்த காலம் அது. அவர்களுக்குத் தோழமையும் தற்காப்பும் தருவதே இச்சங்கங்களின் முதல் நோக்கமாக இருந்தது.

அக்காலத்தில் இவை தம்மையும் ‘சகோதரர் சங்கம்’ என்று பொருள்படும் ‘ஃப்ரட்டர்னிட்டி’ என்றே அழைத்துக்கொண்டன. சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் லத்தீன் கற்பித்த ஃபிராங்க் ஸ்மாலி, ‘காமா ஃபை பீட்டா’ சங்கத்துக்காக ‘சொராரிட்டி’ என்ற சொல்லை உருவாக்கினார். சகோதரி என்று பொருள்படும் லத்தீன் சொல்லே அதன் வேர்.

சங்கங்கள் பெருகியதும் ஆள் சேர்ப்பதில் போட்டி மூண்டது. புதிய மாணவியை மற்றவர்கள் அணுகுவதற்குள் தம் பக்கம் இழுத்துக்கொள்ள ஒவ்வொரு சங்கமும் முந்திக்கொண்டது. ‘ரஷ்’ என்ற சொல் அந்த அவசரத்தையே குறித்தது. ஒரே பெண் இரண்டு சங்கங்களுக்கு வாக்குக் கொடுப்பதும், அதனால் சங்கங்களுக்குள் மனக்கசப்பு எழுவதும் வழக்கமாயின. இதை ஒழுங்குபடுத்த 1902-இல் சிகாகோவில் பெண்கள் சங்கங்களின் பிரதிநிதிகள் கூடினார்கள். இன்று ‘நேஷனல் பான்ஹெலனிக் கான்ஃபரன்ஸ்’ என்று அழைக்கப்படும் கூட்டமைப்பு அப்போது பிறந்தது. இப்போது அதில் 26 சங்கங்கள் உள்ளன. சேர்க்கை வாரத்தின் நுணுக்கமான விதிகள் பலவும், கட்டுப்பாடில்லாத போட்டியில் மாணவிக்கும் சங்கத்துக்கும் நேர்ந்த தொல்லைகளைத் தீர்க்கப் படிப்படியாகச் சேர்ந்தவை.

எல்லாச் சங்கமும் ஒன்றல்ல

ஒரு வார கால முறைசார்ந்த சேர்க்கை, பெரும்பாலும் இந்த 26 சங்கங்களின் வழக்கம். கறுப்பின மாணவியர் தொடங்கிய சங்கங்கள் வேறு மரபைச் சேர்ந்தவை. 1908-இல் வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ‘ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா’வும், 1913-இல் அதே இடத்தில் ‘டெல்டா சிக்மா தீட்டா’வும் பிறந்தன. 1930-இல் உருவான ‘நேஷனல் பான்-ஹெலனிக் கவுன்சில்’ என்ற தனிக் கூட்டமைப்பில் இவை அடங்கும். பெயர் ஏறக்குறைய ஒன்றுபோல ஒலித்தாலும் இரு கூட்டமைப்புகளும் வெவ்வேறு. கறுப்பினச் சங்கங்களில் வீடு வீடாகச் செல்லும் வாரம் கிடையாது. முதலாண்டில் கல்வியிலும் சமூகப் பணியிலும் தன்னை நிலைநிறுத்திக்கொண்ட மாணவி பின்னர் விண்ணப்பிப்பதே பொதுவான வழக்கம். உறுப்பினர் பொறுப்பு பட்டம் பெற்றதோடு முடிவதில்லை, வாழ்நாள் முழுவதும் தொடர்கிறது. முன்னாள் துணை அதிபர் கமலா ஹாரிஸ் ஹோவர்டில் படித்தபோது ‘ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா’வில் சேர்ந்தவர்.

பழைய சங்கங்கள் யூதப் பெண்களைச் சேர்க்காத காலத்தில் 1909-இல் நியூயார்க்கின் பார்னார்ட் கல்லூரியில் ‘ஆல்ஃபா எப்சிலான் ஃபை’ உருவானது. லத்தீன் அமெரிக்கப் பெண்களுக்காக 1975-இல் நியூஜெர்சியில் ‘லாம்டா தீட்டா ஆல்ஃபா’ தோன்றியது. தெற்காசியக் குடும்பங்களின் பெண்களுக்காக 1998-இல் டெக்சாஸ் மாநிலத்தில் ‘கப்பா ஃபை காமா’, ‘டெல்டா ஃபை ஒமேகா’ ஆகியவையும், நியூயார்க்கில் ‘சிக்மா சிக்மா ரோ’வும் தொடங்கப்பட்டன. அமெரிக்காவில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண் ஒருத்திக்கு இன்று பழைய சங்கம், புதிய சங்கம் என இரு வழிகளும் திறந்திருக்கின்றன. இரண்டின் கால அட்டவணையும் செலவும் சேர்க்கை முறையும் வேறு என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது அவளுக்குத் தேவையான ஆயத்தம்.

வாரத்தின் அமைப்பு

பெரிய பல்கலைக்கழகங்களில் சேர்க்கை பல சுற்றுகளாக நடக்கும். சுற்றுகளின் பெயரும் எண்ணிக்கையும் வளாகத்துக்கு வளாகம் மாறினாலும் வரிசை ஏறத்தாழ ஒன்றே. முதலாவது அறிமுகச் சுற்று. அதில் ஒவ்வொரு மாணவியும் வளாகத்தில் உள்ள எல்லாச் சங்கங்களையும் சந்திக்கிறாள். 2020-இல் பெருந்தொற்று வந்தபின் பல இடங்களில் இச்சுற்றுக்கு நேரில் வருவதற்குப் பதிலாகவோ, அதற்கு முன்போ காணொளி அனுப்பும் வழக்கம் ஏற்பட்டது.

இரண்டாவது அறப்பணிச் சுற்று. ஒவ்வொரு சங்கமும் தான் ஆதரிக்கும் பொதுநலப் பணியை விளக்கும். ‘கை ஒமேகா’ கடுமையான நோயுற்ற குழந்தைகளின் ஆசைகளை நிறைவேற்றும் மேக்-எ-விஷ் அமைப்புக்கும், ‘டெல்டா டெல்டா டெல்டா’ குழந்தைகளின் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் செயின்ட் ஜூட் மருத்துவமனைக்கும், ‘கப்பா டெல்டா’ குழந்தைகள் மீதான கொடுமையைத் தடுக்கும் அமைப்புக்கும் நிதி திரட்டுகின்றன. ‘டெல்டா காமா’வின் பணி பார்வைக் குறைபாடு உள்ளோருக்கானது. மூன்றாவது சகோதரிச் சுற்றில் வீட்டைச் சுற்றிக் காட்டி, அங்கே வாழ்வது எப்படியிருக்கும் என்று சொல்கிறார்கள். கடைசியாக வருவது விருப்பச் சுற்று. பெரும்பாலான இடங்களில் ஒரு மாணவிக்கு இதில் அதிகபட்சம் இரண்டு வீடுகளே மிஞ்சியிருக்கும். மற்றச் சுற்றுகளில் இருந்த ஆரவாரம் இதில் இராது. மங்கிய விளக்கொளியில் சிறு சடங்கும் நீண்ட தனிப்பேச்சும் நடக்கும். அதற்கடுத்தது அழைப்பு நாள். அலபாமாவில் மாணவியர் பிரையன்ட்-டென்னி கால்பந்து மைதானத்தில் ஒன்றாக அமர்ந்து உறைகளைப் பிரித்து, அங்கிருந்து தத்தம் சங்க வீடுகளுக்கு ஓடுவது வழக்கம்.

வீட்டுக்குள் நடக்கும் பேச்சும் திட்டமிட்டதே. ஓர் உறுப்பினர் வாசலில் மாணவியை வரவேற்று அழைத்துச் சென்று பேசிக்கொண்டிருப்பார். சில நிமிடங்களில் இன்னொருவர் வந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்வார். இப்படி ஒரே சந்திப்பில் இருவரோ மூவரோ ஒரு மாணவியை அறிந்துகொள்கிறார்கள். அவள் வெளியேறியதும் அவரவர் மதிப்பீட்டைப் பதிவு செய்கிறார்கள். இதற்காக மூத்த மாணவியரும் ஒரு வாரமோ அதற்கும் மேலோ முன்னதாக வளாகத்துக்கு வந்து பாட்டையும் வாசல் வரவேற்பையும் உரையாடலையும் நாள் முழுவதும் பயிற்சி செய்கின்றனர். வருகிற பெண்ணைப் போலவே வரவேற்கிற பெண்ணும் களைத்திருக்கிறாள் என்பது புதியவர்கள் மறந்துவிடும் உண்மை.

மாணவியருக்கு வழிகாட்டச் சில மூத்தோர் அந்த வாரம் முழுவதும் தம் சங்கத் தொடர்பை மறைத்து நடுநிலையில் நிற்பார்கள். ரோ காமா, பை கை, காமா கை என்று அவர்களின் பெயர் இடத்துக்கு இடம் மாறும். ஒவ்வொருவர் பொறுப்பிலும் ஒரு குழு இருக்கும். அட்டவணையைக் கையில் கொடுப்பதும், அழைப்பு வராத காலையில் பக்கத்தில் அமர்ந்திருப்பதும் அவர்கள் வேலை.

தேர்வின் கணக்கு

ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மாணவி தான் பார்த்த சங்கங்களை வரிசைப்படுத்துகிறாள், சங்கங்கள் மாணவியரை வரிசைப்படுத்துகின்றன. இரு பட்டியலையும் கணினி ஒப்பிட்டு மறுநாளுக்கான அட்டவணையைத் தருகிறது. ஒரு சங்கம் எத்தனை பேரைத் திரும்ப அழைக்கலாம் என்பதை அது தன் விருப்பப்படி முடிவுசெய்ய முடியாது. 2000-களின் தொடக்கத்தில் 26 சங்கங்களின் கூட்டமைப்பு கொண்டுவந்த கணக்குமுறை அதை வரையறுக்கிறது. முந்தைய ஆண்டுகளில் அச்சங்கம் அழைத்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்ற விகிதமே அடிப்படை. நூறு பேரை அழைத்தால் தொண்ணூறு பேர் வரும் சங்கம் முதல் சுற்றிலேயே பலரை விலக்கியாக வேண்டும். ஐம்பது பேரே வரும் சங்கம் அதிகம் பேரை அழைக்கலாம்.

இதன் நோக்கம் இரக்கமானது. கிடைக்க வாய்ப்பில்லாத இடத்தை நம்பி ஒரு பெண் கடைசி நாள்வரை காத்திருந்து ஏமாறுவதைவிட, முதல் நாளிலேயே அது தெரிந்து, தன்னை விரும்பும் இடங்களை அவள் கவனிக்கத் தொடங்குவது நல்லது. ஆனால் விளைவு முதல் பார்வைக்குக் கொடுமையாகத் தோன்றும். முதல் சுற்று முடிந்த காலையில், மிகவும் புகழ்பெற்ற சங்கங்களிடமிருந்து நூற்றுக்கணக்கான மாணவியர் ஒரே நேரத்தில் விலக்கப்படுகிறார்கள். பத்து நிமிடப் பேச்சில் தான் என்ன தவறு செய்தோம் என்று ஒவ்வொருத்தியும் தேடிப் பார்ப்பாள். பெரும்பாலும் அவள் தவறு எதுவுமில்லை. அந்தச் சங்கத்துக்கு விதிக்கப்பட்ட எண்ணே அப்படி.

இறுதியில் ஒவ்வொரு சங்கமும் சேர்க்கக்கூடிய அளவு ‘கோட்டா’ என நிர்ணயிக்கப்படுகிறது. கடைசிச் சுற்றில் 1,800 பேர் இருந்து சங்கங்கள் 18 என்றால், கோட்டா ஏறத்தாழ 100 ஆக இருக்கும். விருப்பச் சுற்று முடிந்தவுடன் மாணவி தனியே அமர்ந்து ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறாள். தான் ஏற்கத் தயாராக உள்ள சங்கங்களை மட்டும் அதில் வரிசையாக எழுத வேண்டும். எழுதிய சங்கத்திலிருந்து அழைப்பு வந்து அதை மறுத்தால், அடுத்த முதன்மைச் சேர்க்கை வரை அந்த வளாகத்தில் இக்கூட்டமைப்பின் வேறு சங்கம் எதிலும் சேர முடியாது. வாரத்தில் எடுக்கும் முடிவுகளில் சட்டம்போல் கட்டுப்படுத்துவது இது ஒன்றே. முந்தைய இரவு தூக்கமில்லாமல் வந்து அவசரத்தில் கையெழுத்திடக் கூடாத ஆவணம் இது.

ஒரே பெயரை மட்டும் எழுதும் உரிமையும் அவளுக்கு உண்டு. அப்படி எழுதிப் பொருத்தம் அமையாவிட்டால் வெறுங்கையோடு திரும்ப நேரும். அழைத்த எல்லா இடங்களுக்கும் கடைசிவரை சென்று, எல்லாவற்றையும் வரிசையில் எழுதியவர்களுக்குக் கோட்டாவுக்கு மேலும் இடம் தர விதிகள் வழிசெய்கின்றன. எத்தனை பெயரை எழுதுவது என்ற இந்தப் புதிர் பொருளாதார அறிஞர்களையும் ஈர்த்தது. சூசன் மாங்கெலும் ஆல்வின் ராத்தும் 1991-இல் வெளியிட்ட ஆய்வு, சொராரிட்டிச் சேர்க்கையை இருதரப்புப் பொருத்தச் சந்தையாக எடுத்துக்கொண்டு பல வளாகங்களின் பதிவுகளை ஆராய்ந்தது. மாணவியரில் பெரும்பாலோர் முழு வரிசையை எழுதாமல் ஒரே விருப்பத்தை எழுதியதையும், அந்த நடத்தையே முறையின் இயக்கத்தைப் பாதித்ததையும் அது காட்டியது. ராத் பின்னர் லாயிட் ஷேப்லியுடன் 2012-இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மருத்துவர்களை மருத்துவமனைகளோடும், மாணவர்களைப் பள்ளிகளோடும் பொருத்தும் ஆய்வுகளின் வரிசையில் இந்த வாரமும் இடம்பெற்றிருக்கிறது.

ஆயத்தம்: தாளில் தொடங்கி

ஆயத்தம் பல மாதங்களுக்கு முன்பே தொடங்குகிறது. பதிவு இணையவழியில் நடக்கும். அதற்குத் திரும்பக் கிடைக்காத கட்டணம் உண்டு. உயர்நிலைப் பள்ளி மதிப்பெண் சராசரிக்குப் பல சங்கங்கள் கீழ்வரம்பு வைத்திருக்கின்றன. அந்த வரம்புக்குக் கீழே இருப்பவரைப் பேச்சுத் திறனால் காப்பாற்ற முடியாது. எனவே மதிப்பெண்ணே முதல் ஆயத்தம். பள்ளியில் செய்த பணிகள், தலைமைப் பொறுப்புகள், தன்னார்வத் தொண்டு ஆகியவற்றை ஒரு பக்கத்தில் தொகுப்பது அடுத்தது.

தென் மாநிலங்களில் நெடுங்காலமாகப் பரிந்துரைக் கடிதமே பெரிய சுமையாக இருந்தது. ஒவ்வொரு சங்கத்துக்கும் அதன் முன்னாள் உறுப்பினர் ஒருவர் எழுதித் தர வேண்டும் என்பதால், குடும்பங்கள் தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று தேடி அலைந்தன. அப்படிப்பட்ட தொடர்பு இல்லாத வீட்டுப் பெண் தொடக்கத்திலேயே பின்தங்கினாள். தாயோ அக்காவோ உறுப்பினராக இருந்தால் முன்னுரிமை தரும் ‘வாரிசு’ மரபும் இதே திசையில் இயங்கியது. இனநீதி குறித்து 2020-இல் எழுந்த விவாதத்துக்குப் பின் பல தேசியச் சங்கங்கள் கட்டாயப் பரிந்துரையையும் வாரிசு முன்னுரிமையையும் கைவிட்டன. ஆயினும் சங்கத்துக்குச் சங்கம் நடைமுறை மாறுவதால், ஒவ்வொன்றின் இன்றைய விதியையும் நேரடியாகப் படிப்பது அவசியம்.

சமூக ஊடகப் பக்கங்களைச் சங்கங்கள் பார்க்கின்றன. பழைய பதிவுகளைத் திரும்பிப் பார்த்து, மதுவோ இழிவான பேச்சோ உள்ளவற்றை நீக்கச் சொல்வது வழக்கமான அறிவுரை. அறிமுகக் காணொளி கேட்கும் இடங்களில் நல்ல வெளிச்சம், தெளிவான குரல், ஓரிரு நிமிடத்தில் தன்னைப் பற்றிய ஓர் உண்மையான செய்தி ஆகியவை போதும்.

பேச்சும் உடையும் உடலும்

வாரத்தின் முக்கிய வேலை பேசுவது. ஒரே நாளில் பத்துக்கும் மேற்பட்ட வீடுகளில், எந்த ஊர், என்ன படிப்பு, விடுமுறையில் என்ன செய்தாய் என்ற அதே கேள்விகள் வரும். ஒற்றைச் சொல் விடை பேச்சை முடித்துவிடும். ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லும் விடை அடுத்த கேள்விக்கு வழிவிடும். மாணவியும் கேட்க வேண்டும்: முதலாண்டில் வாரத்துக்கு எத்தனை மணிநேரம் சங்கத்துக்குப் போகும், படிப்புக்கு என்ன உதவி உண்டு, சண்டை வந்தால் எப்படித் தீர்த்துக்கொள்கிறார்கள், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் இருக்கிறார்களா. சங்கத்தின் உண்மையான இயல்பு இத்தகைய கேள்விகளுக்கு வரும் விடைகளில் தெரியும். அரசியல், மதம், பணம், மது, ஆண் நண்பர்கள் ஆகியவற்றைத் தவிர்க்கும்படி வாய்மொழியாகச் சொல்லப்படுகிறது. சில நிமிடச் சந்திப்பில் பிணக்கு வராமல் காக்க அது உதவும். ஆனால் மதமோ அரசியலோ தன் வாழ்வின் மையமாக உள்ள ஒரு பெண்ணுக்கு, அதைப் பேசவே முடியாத இடம் தனக்கேற்றதா என்று பார்க்கும் உரிமையும் இருக்கிறது.

உடை சுற்றுக்குச் சுற்று மாறும். தொடக்க நாட்களில் ஏற்பாட்டுக் குழு தரும் டி-சர்ட் பல இடங்களில் போதும். நடுச் சுற்றுகளுக்கு இலேசான கோடைக்கால கவுன், விருப்பச் சுற்றுக்குச் சற்று விழாத்தன்மை கொண்ட உடை. 2021 ஆகஸ்டில் அலபாமா மாணவியர் தம் அன்றாட உடைகளைக் காட்டி டிக்டாக்கில் பதிவிட்ட காணொளிகள் உலகம் முழுவதும் பரவின. ரேச்சல் ஃப்ளீட் இயக்கிய ‘பாமா ரஷ்’ ஆவணப்படம் 2023-இல் வந்தது. இவற்றுக்குப் பிறகு உடைக்கான செலவும் அச்சமும் கூடின. பணம் வாங்கிக்கொண்டு பயிற்சி தரும் ஆலோசகர்களும் பெருகினர். ஏற்பாட்டுக் குழுக்கள் வெளியிடும் கையேடுகளோ விலையுயர்ந்த பொருள் தேவையில்லை என்றே சொல்கின்றன. இரவல் வாங்கிய கவுனும் பழகிய செருப்பும் போதுமானவை. புதுச் செருப்புதான் உண்மையான எதிரி. இரண்டாம் நாளே கால் கொப்புளித்துவிடும்.

தென் மாநிலங்களின் ஆகஸ்ட் வெயிலும் புழுக்கமும் கடுமையானவை. வீட்டுக்கு வீடு நடந்து, வாசலில் வரிசையில் நின்று காத்திருக்கும் நேரமே அதிகம். ஆகவே கைப்பையில் தண்ணீர்ப் புட்டி, சிறு மின்விசிறி, கொப்புளத்துக்கு ஒட்டும் பட்டை, வியர்வை துடைக்கும் தாள், குடை, கொறிக்க ஏதாவது, மாற்றுச் செருப்பு ஆகியவை இருக்கும். வீட்டுக்குள் பையை எடுத்துச் செல்ல முடியாது. வாசலில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். வேளைக்குச் சாப்பிடுவதும் இரவில் தூங்குவதும் எல்லோருக்கும் தெரிந்த அறிவுரைகள், எல்லோரும் மீறுபவையும்கூட. ஐந்தாம் நாள் அழுகைக்குப் பாதிக் காரணம் களைப்பே.

செலவும் நேரமும்

குடும்பத்தில் முன்கூட்டியே பேச வேண்டியது பணம். பெரிய தென் மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஒரு பருவத்துக்கான சங்கக் கட்டணம் பல ஆயிரம் டாலர். சங்க வீட்டிலேயே தங்கினால் அறையும் உணவும் சேர்ந்து இன்னும் கூடும். முதலாண்டில் சேரும் கட்டணம், சின்னம், தேசிய அமைப்புக்கான சந்தா, வீட்டுக் கட்டட நிதி ஆகியவை தனி. நிகழ்ச்சிக்கு வராவிட்டால் அபராதமும் சில இடங்களில் உண்டு. பல வளாகங்களில், சங்கங்களை ஒருங்கிணைக்கும் மாணவியர் பேரவை சங்கவாரியான கட்டணத்தை வெளியிடுகிறது. உதவித்தொகையும் தவணை முறையும் சில சங்கங்களில் கிடைக்கின்றன. சகோதரிச் சுற்றில் இதைக் கேட்பது நாகரிகக் குறைவல்ல. கேட்காமல் சேர்ந்து, இரண்டாம் பருவத்தில் கட்ட முடியாமல் விலகுவது இருதரப்புக்கும் வலி.

நேரமும் செலவே. வாராந்தரக் கூட்டம், அறப்பணி நிகழ்ச்சிகள், புதிய உறுப்பினர் வகுப்புகள் ஆகியவை முதல் பருவத்தில் குவியும். அதே பருவத்தில்தான் கல்லூரிப் படிப்பின் முதல் தேர்வுகளும் வரும்.

யார் உள்ளே, யார் வெளியே

சேர்க்கையின் வரலாற்றில் மறைக்க முடியாத பக்கம் ஒன்று உண்டு. அலபாமா பல்கலைக்கழகம் 1963-இல் விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் என்ற கறுப்பின மாணவர்களைச் சேர்த்தது. ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் வாசலில் நின்று தடுத்த நிகழ்ச்சி அமெரிக்க வரலாற்றில் பதிந்தது. ஐம்பது ஆண்டு கழித்து, 2013 செப்டம்பரில், அப்பல்கலைக்கழக மாணவர் இதழான ‘தி கிரிம்சன் ஒயிட்’ ஒரு செய்தியை வெளியிட்டது. நல்ல மதிப்பெண்ணும் பல்கலைக்கழகத்தோடு குடும்பத் தொடர்பும் கொண்ட ஒரு கறுப்பின மாணவியை வெள்ளையர் பெரும்பான்மைச் சங்கங்கள் அனைத்தும் விலக்கின என்றும், சேர்க்க விரும்பிய உறுப்பினர்களை முன்னாள் உறுப்பினர்கள் தடுத்தனர் என்றும் அது தெரிவித்தது. மாணவரும் ஆசிரியரும் ஊர்வலம் சென்றனர். பல்கலைக்கழகத் தலைவர் ஜூடி பானர் சேர்க்கையை மீண்டும் திறக்க உத்தரவிட்டார். அதன்பின் கறுப்பின மாணவியருக்கு அழைப்புகள் சென்றன, சிலர் சேர்ந்தனர். உண்மையை வெளியே கொண்டுவந்தவர்கள் சங்க உறுப்பினர்களான மாணவியர்தாம். தம் வீட்டுக்குள் நடந்த அநீதியைத் தம் வாயால் சொல்லத் துணிந்த அவர்களால்தான் அந்தக் கதவு திறந்தது.

வர்க்கத்தின் வேலியும் அதே அளவு உறுதியானது. எலிசபெத் ஆம்ஸ்ட்ராங், லாரா ஹாமில்டன் இருவரும் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு பொதுப் பல்கலைக்கழக விடுதித் தளத்தின் மாணவியரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 2013-இல் நூல் வெளியிட்டனர். சொராரிட்டியை மையமாகக் கொண்ட கல்லூரி வாழ்க்கை வசதி படைத்த குடும்பத்துப் பெண்களுக்கே உகந்ததாக அமைந்தது என்றும், பின்புலம் இல்லாதவர்கள் அந்தப் பாதையில் சென்று கடனோடும் பலவீனமான பட்டத்தோடும் வெளியேறினர் என்றும் அவர்கள் கண்டனர். உடையும் பேச்சும் நடையும் பத்து நிமிடத்தில் மதிப்பிடப்படும் எந்த முறையிலும் வீட்டு வசதியே தகுதியாகத் தோற்றம் கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

பெண்களை மட்டும் சேர்ப்பது சட்டப்படி செல்லும். கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில், இத்தகைய சமூகச் சங்கங்களின் உறுப்பினர் சேர்க்கைக்கு 1974-இல் விலக்கு அளிக்கப்பட்டது.

அழைப்பு வந்தபின், வராதபோது

அழைப்பை ஏற்றவுடன் புதிய உறுப்பினர் பருவம் தொடங்கும். சில வாரங்கள் சங்கத்தின் வரலாற்றையும் விதிகளையும் கற்று, பின் முழு உறுப்பினராக ஏற்கப்படுகிறார். இக்காலத்தில் நிகழக்கூடிய கொடுமைப்படுத்தல், நம் நாட்டில் ராகிங் என்று அறியப்படுவதன் வேறு வடிவம். கட்டாய மது, தூக்கமறுப்பு, இழிவுபடுத்தல் ஆகியவை சங்கங்களின் சொந்த விதிகளிலும் பெரும்பாலான மாநிலச் சட்டங்களிலும் குற்றம். 2024 டிசம்பரில் சட்டமான கூட்டாட்சிச் சட்டம், இத்தகைய நிகழ்வுகளைப் பல்கலைக்கழகங்கள் பொதுவில் அறிவிக்க வேண்டும் என்கிறது. சேர விரும்பும் சங்கத்தின் ஒழுங்கு நடவடிக்கைப் பதிவைப் படிப்பதும் இன்று ஆயத்தத்தின் பகுதி.

அழைப்பு கிடைக்காதவர்களுக்கும் இடையில் விலகியவர்களுக்கும் வழி அடைபட்டுவிடுவதில்லை. இடம் நிரம்பாத சங்கங்கள் ஆண்டு முழுவதும் முறைசாரா வகையில் உறுப்பினரைச் சேர்க்கின்றன. அந்த வழியில் பேச்சு நிதானமாக நடக்கும், ஆரவாரமில்லை. இரண்டாம் ஆண்டில் மீண்டும் முயலலாம். முதல் பருவத்தில் வளாகத்தை அறிந்தபின் முடிவெடுக்க விரும்புவோருக்கு ஏற்ப, வாண்டர்பில்ட் போன்ற பல்கலைக்கழகங்கள் சேர்க்கையை இரண்டாம் பருவத்துக்குத் தள்ளிவைக்கும் முறையைப் பின்பற்றி வந்துள்ளன. நண்பர்களும் மதிப்பெண்ணும் ஓரளவு நிலைபெற்ற பின் தேர்வு நடப்பதால், அம்முறையில் முதல் வார அச்சம் குறைகிறது. ஆனால் கல்லூரியில் காலடி வைத்த நாளிலேயே ஒரு குடும்பம் கிடைக்கும் என்ற ஆறுதல் அதில் இல்லை.

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்தால், ஆயத்தத்தில் மூன்று பொருள்கள் முதன்மை பெறுகின்றன. முதலாவது, முறையை அறிதல்: எண்ணால் வரும் விலக்கையும் தன் குறையால் வரும் விலக்கையும் பிரித்தறிய அந்த அறிவு ஒன்றே உதவும். இரண்டாவது, வீட்டுக் கணக்கு: எவ்வளவு கட்ட முடியும், எவ்வளவு நேரம் தர முடியும் என்று பதிவு செய்யும் முன்பே வரைந்துகொள்வது. மூன்றாவது, தான் எதைத் தேடிச் செல்கிறோம் என்ற தெளிவு. அது தோழமையா, தலைமைப் பயிற்சியா, தங்குமிடமா, தாயின் ஆசையா என்பதை ஒரு பெண் தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருந்தால், கடைசி நாள் ஒப்பந்தத்தில் எந்தப் பெயரை முதலில் எழுதுவது என்பது அவளுக்குத் தெரியும். கவுனும் காணொளியும் இவற்றுக்குப் பின்னரே.

பல்கலைக்கழகங்களும் மாணவியர் பேரவைகளும் செய்ய வேண்டியதும் இதே திசையில் இருக்கிறது. முழுக் கட்டண விவரம், பதிவு செய்தவர்களில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்ற எண், ஒவ்வொரு சங்கத்தின் ஒழுங்குப் பதிவு ஆகிய மூன்றும் பதிவுக் கட்டணம் வாங்கும் முன்பே மாணவியின் கைக்கு வர வேண்டும். பரிந்துரை எழுதித் தர அத்தை இல்லாத பெண்ணும், பயிற்சியாளருக்குப் பணம் கட்ட முடியாத பெண்ணும் மற்றவர்களோடு ஒரே இடத்திலிருந்து தொடங்க அது வழிசெய்யும்.